கொலையாட்டத் தடையும் பெற்றோர் கடனும்

மகவைப் பெற்று வளர்ப்பார்க்கு இருவகை அறிவு வேண்டப்படும். மகவுக்குத் தீங்காவது இதுவென்று அறிதல் ஒன்று. அத்தீங்கைத் தடுத்தற்கென்று பிறர் செய்துவைத்த காவல் எவ்வளவிற்று என்று அறிதல் மற்றொன்று. முன்னையது பெரும்பாலார்க்கு ஒருவாறு உண்டு. பின்னையது இல்லாமையால் விளையுங் கேடு சிறிதன்று. என்னை? காவல் இல்லையென்று அறிந்தவன் தானே விழித்திருப்பான். காவல் உண்டென்று மயங்கினவனே உறங்குவான்.

இக்காலத்துச் சிறார் கைப்பேசியில் ஆடுங் கொலையாட்டங்களைப்பற்றி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெற்றோர் வாயிற் கேட்கப்படுவன பெரும்பாலும் இரண்டு சொற்களே. 'அதைத்தான் அரசாங்கமே தடைசெய்துவிட்டதே' என்பது ஒன்று. 'அரசாங்கம் ஏன் தடைசெய்யாமல் இருக்கிறது?' என்பது மற்றொன்று. இவை தம்முள் மாறுபட்டனபோலத் தோன்றினும் ஒரு மயக்கத்தினின்றே பிறந்தன. விற்பவனைத் தடுத்தலோடு பிள்ளையைக் காத்தற் கடன் முடிந்துவிடும் என்னும் எண்ணமே இரண்டிற்கும் வேர். அத்தடையால் விளைவன யாவை, விளையாதன யாவை, அவற்றைப் பெற்றோர் அறியாதிருத்தல் குற்றமாமோ ஆகாதோ என்பன ஈண்டு ஆராயப்படும்.

பப்ஜி எனவும் ஃப்ரீ ஃபயர் எனவும் வழங்கும் ஆட்டங்களைக் கண்டறியாதார் பொருட்டு அவற்றின் இயல்பு சிறிது கூறல் வேண்டும். பப்ஜியில் நூறுபேர் வரை வானூர்தியினின்று குடைகட்டி ஒரு தீவிற் குதிப்பர். ஆங்காங்குக் கிடக்கும் துப்பாக்கி முதலியவற்றை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுடுவர். ஆடுகளம் வரவரச் சுருங்கும். ஏனையோர் எல்லாம் மாய, எஞ்சிநின்றவன் வென்றவனாவன். வென்றானுக்குக் கோழி விருந்து என்று ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்துத் திரையில் எழும். புலால் மறுத்த இல்லத்துப் பிள்ளையும் அவ்விருந்தை வேண்டி நள்ளிரவு வரை விழித்திருக்கின்றான்! ஃப்ரீ ஃபயரும் இவ்வினத்ததே; ஐம்பதின்மர் ஆடுவது, விரைவில் முடிவது, விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடுவது. சிற்றூர்ப் பிள்ளைகளிடத்து அது மிகுதியும் பரவியதற்கு இவையே காரணம்.

இனித் தடையின் வரலாறு. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை முடக்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அதற்குக் கருவியாயிற்று. அவ்வாணையிற் காட்டப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், மக்களைப்பற்றிய செய்திகள் பிறநாட்டார் கைப்படாமையும் ஆகும். சிறுவர் மனம் கெடும் என்பதன்று. அவ்வாண்டு ஜூன் திங்களில் இலடாக்கு எல்லையிற் சீனரோடு நேர்ந்த மோதலை அடுத்து வந்த ஆணைகளுள் அஃது ஒன்று. துப்பாக்கியாட்டம் பிள்ளைகட்குத் தீதென்று கண்டே அரசு விலக்கியதாகப் பலர் கொண்டனர். காரணம் வேறாயின் தடையின் அளவும் வேறாமன்றோ? 2021 ஜூலை 2ஆம் நாள் அவ்வாட்டமே, தென்கொரிய நாட்டுக் கிராஃப்டன் நிறுவனத்தாற் பெயர் மாற்றப்பட்டு, இந்தியாவிற்கென்றே திரும்ப வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே திங்களில் மீண்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் முடக்கப்பட்டபோது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்னும் அதன் உடன்பிறப்பு முடக்கப்படாது நின்றது. ஆடியோர் அப்பாற் பெயர்ந்தனர். அங்ஙனம் பெயர்ந்த பிள்ளையின் தந்தை, ஃப்ரீ ஃபயர் ஒழிந்ததென்று மகிழ்ந்தும் இருந்திருப்பான்.

தடை நின்ற காலத்தும் ஆட்டம் நின்றதில்லை. வி.பி.என். என்னும் மறைவழியைச் சிறுவர் பெரியோரினும் விரைவிற் கற்றனர். தடைசெய்யப்பட்ட அவ்வாட்டத்தையே யூடியூபில் நேரலையாக ஆடிக்காட்டி, இடையிடையே சொல்லத்தகாத இழிசொற் பேசிவந்த ஒருவர் 2021 ஜூன் திங்களில் தருமபுரியிற் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தோர் இலட்சக்கணக்கினர். அவருட் சிறுவர் பலர். அச்செய்தி வெளிவரும்வரை, தம் பிள்ளை காதிற் செருகிய குழலில் யார் குரல் கேட்கின்றது என்பதை அவ்வில்லங்களில் எத்துணைப்பேர் அறிந்திருந்தனர்?

தமிழ்நாட்டு அரசு 2022இல் இயற்றி 2023 ஏப்ரலில் ஆளுநர் இசைவு பெற்ற சட்டமும், 2025 ஆகஸ்டுத் திங்களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் முதன்மையாகப் பணம் வைத்தாடும் ஆட்டங்களை நோக்கியன. அவை வேண்டப்படுவனவே. ஆயின் பந்தயமின்றி ஆடப்படும் துப்பாக்கியாட்டத்திற்கு அவை தடையாவன அல்ல. 'ஆன்லைன் கேம் எல்லாம் ஒழிந்தது' என்று செய்தித்தாளின் தலைப்பை மட்டும் படித்து அமைந்தார் இன்னும் ஒருமுறை படித்தல் நன்று.

இவ்வாட்டங்கள் இல்லம் புகுந்த வழியும் கருதற்பாலது. 2020 மார்ச்சுத் திங்களிற் பெருந்தொற்றாற் பள்ளிகள் மூடப்பட்டன; பாடம் கைப்பேசி வழியாக நடந்தது. அதுகாறும் பிள்ளை கையிற் கைப்பேசி கொடாத இல்லத்தாரும், நகையை அடகு வைத்தேனும் ஒன்று வாங்கிக் கொடுத்தனர். அது புத்தகமாகவே உள்ளே வந்தது. திருக்கோவலூரிலிருந்து அரசு செய்த மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை நடுநாட்டார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. முத்தநாதன் படைக்கலத்தை வெளிப்பட ஏந்தி வந்திலன். நீறு பூசிச் சடைமுடித்துப் புத்தகக் கட்டினுள்ளே கத்தியை மறைத்து வந்தான். வாயில்காவலர் கண்டது கோலம். கட்டினுள் இருந்ததை அவர் கண்டிலர். கடைவாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, அரசர் துயில்கொள்ளுங் காலம் இதுவென்று தடுத்துச் சொன்னான். அவனையுங் கடந்து முத்தநாதன் உட்புகுந்தான். அவ்வேடத்தையே மெய்ப்பொருளெனக் கொண்டு உயிர் ஈந்தமை நாயனாரது பெருமை. அது காவலர்க்கு நெறியாகாது. அடியார் கையிலுள்ள கட்டை அவிழ்த்துப் பார்த்தல் காவலர்க்கு அடாதெனினும், மகன் கையிலுள்ளதை அவிழ்த்துப் பார்த்தல் தந்தைக்கு அடாததன்று.

விற்பனைத் தடை என்னுஞ் சொல்லையே இனி நோக்குக. மதுவும் புகையிலையும் விற்குமிடத்து விற்பவன் ஒருவன் உளன். வாங்குவான் முகத்தை அவன் பார்க்கின்றான். சிறுவனென்று கண்டால் மறுக்கலாம். மறாவிடின் அவனைப் பிடித்துக் கேட்கலாம். அமெரிக்காவில் இவ்வாட்டங்கள் வட்டத்தகடுகளாகக் கடையில் விற்ற காலத்து இம்முறை பயன்பட்டது. அந்நாட்டு வணிக ஆணையத்தார் சிறுவரைக் கடைகட்கு விடுத்துச் சோதித்தபோது, முதிர்ந்தோர்க்கென்று குறியிட்ட ஆட்டத்தை 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 85 சிறுவர் வாங்க முடிந்தது. 2011இல் வெளியான சோதனையில் அத்தொகை 13 ஆகக் குறைந்தது. இது சட்டத் தண்டனையால் நிகழ்ந்ததன்று. வணிகர் தாமே மேற்கொண்ட ஒழுங்கினால் நிகழ்ந்தது. கலிபோர்னியா மாநிலம் 2005இல் இயற்றிய விற்பனைத் தடைச் சட்டமோ, 2011 ஜூன் 27ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில், எழுவர் ஒருபாலும் இருவர் ஒருபாலுமாகச் செல்லாதென்று தீர்ப்பிடப்பட்டது. தடுக்கப்படுஞ் சிறுவர் எல்லார்க்கும், அவர் தடுக்கப்படல் வேண்டுமென்று விரும்பும் பெற்றோர் உளரெனக் கொள்ளுதற்கில்லை என்பது பெரும்பான்மையார் கருத்துக்களுள் ஒன்று. மாறுபட்ட நீதிபதியருள் ஒருவர், பெற்றோரைக் கடந்து சிறுவரோடு பேசும் உரிமை எவர்க்கும் இல்லையென்றார். சட்டம் வீழ்ந்தது, ஆயின் இருதிறத்தார் உரையிலும் நடுவே நின்றவர் பெற்றோரே என்பது நோக்கத்தக்கது.

கைப்பேசியிலோ விற்பவன் முகமும் இல்லை, விலையும் இல்லை. ஆட்டம் விலையின்றி இறங்குகின்றது. உட்புகுந்தபின் அணியும் உடைக்கும் துப்பாக்கியின் வண்ணத்திற்குமே விலை. பிளே ஸ்டோரில் ஒவ்வோர் ஆட்டத்தின் பக்கத்தும் வயதெண் குறிக்கப்பட்டுள்ளது. பெற்றோர் தாமே அமைப்பினுட் புகுந்து பூட்டியிருந்தாலன்றி அவ்வெண் எவரையுந் தடுப்பதன்று. 18 வயதிற் குறைந்தார்க்குப் பெற்றோர் தொலைபேசி எண் வேண்டும், நாளொன்றுக்கு மூன்று மணிக்குமேல் ஆடலாகாது என 2021இற் பெயர்மாறி வந்த ஆட்டம் விதித்தது. நன்று. அதற்குரிய ஓடிபி தாயின் கைப்பேசிக்கு வரும். தாயின் கைப்பேசியோ பிள்ளை கையில் இருக்கும். அதுவும் வேண்டா, பிறந்த ஆண்டைச் சிறிது முன்னே தள்ளி எழுதினாற் போதும்.

விழுப்புரத்திற்கு அணித்தாகிய திருவாமாத்தூரில் வட்டப்பாறை என்பதோர் இடம் உண்டு. அங்குப் பொய்ச்சத்தியஞ் செய்தார் கேடுறுவர் என்னும் அச்சம் நெடுங்காலமாக இப்பக்கத்து ஊர்களில் வழங்குவது. வழக்குடையார் அங்குச் சென்று சத்தியஞ் செய்தலும் உண்டு. அவ்விடத்தை நினைந்து பொய்க்கு நடுங்குங் குடியிற் பிறந்த சிறுவன், பதினெட்டு நிரம்பியவன் யான் என்னும் பொய்யை விரலால் ஒருமுறை தொட்டுச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போகின்றான். பொய்யென்னும் எண்ணமே அவனுக்கு எழுவதில்லை. கொலையாட்டம் அவனைக் கொலைக்குப் பழக்குகின்றதோ இல்லையோ, காப்பாரில்லாத தடை அவனைப் பொய்க்குப் பழக்குகின்றது. தடையின் விளைவுகளுட் பெற்றோர் சிறிதும் எண்ணிப் பாராதது இதுவே.

அற்றேல், ஆட்டத்திற் கொல்வது கொலையாமோ? நிழலைச் சுட்டவன் யாரைக் கொன்றான்? பெற்றோர் இத்துணை அஞ்சுவானேன்? என ஒருசாரார் வினவுவர். வினவற்பாலதே. ஆராய்ச்சியாளர் கூற்றை முதற்கண் கொள்ளுக. அமெரிக்க உளவியற் கழகம் 2015இல் தான் செய்த தீர்மானத்தை 2020இல் திருத்தியபோது, இவ்வாட்டங்கட்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடைக்கும் சிறியதொரு தொடர்பு உண்டெனவும், கொடுஞ்செயல்கட்கு அவை காரணமென்றற்குப் போதிய சான்றில்லை எனவும் கூறிற்று. 2019இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தார் பிரித்தானியச் சிறுவர் சிறுமியருட் பதினான்கும் பதினைந்தும் வயதினரை ஆய்ந்து, அச்சிறு தொடர்பையுங் காணாராயினர். ஆகலின் இவ்வாட்டம் ஆடுவான் கொலைஞனாவான் என்று மேடையேறி முழங்குவார் தாம் அறியாததைச் சொல்லுகின்றனர். சைவ நன்மக்கள் அவரோடு சேர்தல் வேண்டா.

எனினும் வினையென்பது உடம்பால் மட்டுஞ் செய்யப்படுவதன்று. மனம், வாக்கு, காயம் மூன்றானும் ஈட்டப்படுவது. திருநின்றவூர்ப் பூசலார் கல்லும் மரமுமின்றி மனத்தே எடுத்த கோயிலில் இறைவன் எழுந்தருளினான். காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளிக்குரிய நாள் பின்வைக்கப்பட்டது. மனத்தாற் கட்டியது கோயிலாமெனின், மனத்தாற் கொன்றது ஒன்றுமன்று எனல் யாங்ஙனம்? இது தோன்றுமளவிற்கு எளிய வினாவன்று. பூசலார் தாம் கட்டுவது கோயிலென்றே கொண்டு கட்டினார். சிறுவன் தான் வீழ்த்துவது ஓருயிரென்று கொண்டிலன். கருத்தில்வழி வினை முற்றாது. ஆகவே அவன்மேற் கொலைக்குற்றம் ஏற்றுதல் நேரிதன்று, ஏறுவது பழக்கம். பழக்கமாவது, வீழ்ந்தவனைத் திரும்பிப் பாராமல் அடுத்தவனை நோக்கி ஓடுதலை ஓர் இரவில் நூறுமுறை செய்து மனத்திற்கு இயல்பாக்கிக்கொள்ளுதல். 2021இல் வந்த ஆட்டத்திற் குருதியின் நிறம் பச்சையாக்கப்பட்டது. கொன்றான் என்னுஞ் சொல்லை நீக்கி முடித்தான் என்னும் பொருள்படுஞ் சொல் இடப்பட்டது. நிறத்தை மாற்றினார், சொல்லை மாற்றினார். வீழ்ந்தானுக்காக இரங்குதற்கு ஓர் இமைப்பொழுதும் வைத்திலர். குறை அங்கே உள்ளது.

கொலை காட்டப்படுதலே தீதெனக் கொள்ளின், இப்பக்கத்துத் திருவிழாக்களை என்செய்வது? செஞ்சியைச் சூழ்ந்தும், திண்டிவனம் விழுப்புரம் வட்டங்களிலும் திரௌபதியம்மன் கோயில்தோறும் பாரதம் படித்துக் கூத்தாடி, முடிவுநாளிற் படுகளம் நிகழ்த்துவர். மண்ணால் துரியோதனனைப் பேருருவாகப் படுக்கவைத்து, அவன் தொடையைப் பிளந்து, செந்நிறம் பெருகவிட்டுத் திரௌபதி கூந்தல் முடித்தலைக் காட்டுவர். சிறுகுழந்தைகளைத் தோள்மேற் சுமந்து வந்தும் அதனைக் காட்டுகின்றனர். கொலையாட்டத்தில் உள்ளதினும் அங்குக் குருதி குறைவன்று. ஆயின் ஆண்டு நிகழ்வது வேறு. பல நாட்கள் பாரதம் கேட்டபின்னரே அந்நாள் வருகின்றது. இன்னான் இன்னது செய்தமையால் இவ்வாறு வீழ்ந்தான் என்பது குழந்தைக்கும் தெரியும். அவன் வீழ்ந்தபின் ஊரார் கைகொட்டிச் சிரித்துக் கலைவதில்லை. வீழ்ந்தானைச் சுற்றி ஒப்பாரி எழுகின்றது. பகைவனாயினும் அழுதற்கு ஒருத்தி உளள். அன்றே நெருப்பு மிதிக்கின்றனர். அருகில் பாட்டி இருக்கின்றாள், 'ஏன் அழுகின்றார்கள்?' என்று குழந்தை கேட்டால் விடை சொல்லுகின்றாள். திண்டிவனத்தை அடுத்த மயிலத்திற் சூரபதுமன் தவஞ்செய்து மயில்மலையாய் நின்றான் என்பது தலவரலாறு. சூரசங்காரங் கண்ட பிள்ளை, அழிக்கப்பட்டவனே ஊர்தியாகவுங் கொடியாகவும் அணைக்கப்பட்டதையுங் கேட்டே வீடு திரும்புகின்றான். மறக்கருணை என்று சித்தாந்தம் வழங்குவதை அவன் பெயரறியாமலே அறிகின்றான். மேற்கூறிய அமெரிக்கத் தீர்ப்பிலும், சிறுவர்க்குரிய பழங்கதைகளிற் கொடுமை உண்டென்பதற்கு, ஒற்றைக்கண் அரக்கனது கண்ணைக் காய்ச்சிய கழியாற் குத்திய கிரேக்கக் கதை எடுத்துக்காட்டப்பட்டது. கண்ணைப் பறிக்குங் கதைக்கு இந்நாட்டிலும் பஞ்சமில்லை; கண்ணப்பர் பறித்தது தம் கண்ணை. கொடுமை ஒன்றுபோலத் தோன்றினும் எதன்பொருட்டு, யார் அருகிருக்கக் காண்பது என்பவற்றால் வேறாகின்றது.

கைப்பேசியில் ஆடும் பிள்ளையின் அருகே யாரும் இல்லை. தடைச்சட்டம் எவ்வளவு கடியதாயினும் அவ்விடத்தை நிரப்பாது.

இனிப் பெற்றோர் அறியாமை குற்றமாமோ என்பது. தீவினையில் செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என மூவரை நூலோர் சேர்த்தெண்ணுவர். அறியாதான் இம்மூவரினும் அடங்கான் எனத் தோன்றும். ஆயின் அறியாமை ஒருதன்மைத்தன்று. திண்டிவனத்தருகே கல்லறுக்கவோ களையெடுக்கவோ விடியற்காலையிற் சென்று மாலையில் மீளும் தாய் ஒருத்தியை எண்ணுக. அவள் தமிழ் படிப்பாள்; ஆங்கிலம் அறியாள். ஆட்டம் கேட்கும் இசைவும், பணம் கேட்கும் வினாவும் ஆங்கிலத்தில் எழுகின்றன. மகன் 'இங்கே தொடு, பாடத்திற்கு வேண்டும்' என்கின்றான், தொடுகின்றாள். இவள்மேற் குற்றஞ் சொல்லுதல் அறமாகாது. இவளுக்கு விளங்கும் மொழியிற் சொல்லாதார்மேல் அது சாரும். தடையாணை பிறப்பித்த அரசு, எதை எதன்பொருட்டுத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்பதைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலேனும் தமிழிற் சொல்லுதல் கடனாம். பிள்ளையின் பையிற் பணமில்லையாயினும் தாயின் கணக்கில் உண்டென்று அறிந்து கடை விரித்தானுக்குங் கடன் உண்டு. அவனிடம் அதை எதிர்பார்த்தல் பேதைமை என்பார் பேதையரல்லர்.

மற்றொருவனை எண்ணுக. அவன் விழுப்புரத்தில் அலுவல் உடையான். கைப்பேசியாற் பணம் விடுக்கவும், பயணச்சீட்டு எடுக்கவும், நிலவிலை பார்க்கவும் வல்லவன். மகன் கையிலுள்ளதில் இரண்டு நொடி தட்டினால் அவன் எத்துணை மணி எதனை ஆடினான் என்பது தெரியும். அவன் தட்டுவதில்லை. தட்டினால் தெரியும்; தெரிந்தால் ஏதேனுஞ் செய்யவேண்டும்; செய்தால் இல்லத்தில் அழுகையும் சண்டையும் எழும்; தன் கைப்பேசியையும் கீழே வைக்கவேண்டி வரும். ஆகவே அரசு தடைசெய்ததென்றோ செய்யவில்லையென்றோ சொல்லி அமைகின்றான். இவனது அறியாமை வந்து கவிந்ததன்று. இவன் வேண்டிப் பெற்றது. உடன்படுதல் என்பதற்கு இதனின் வேறாய பொருள் காண்டல் அரிது. இவ்விருவரையும் 'பெற்றோர்க்கு விழிப்புணர்வு இல்லை' என்னும் ஒரே சொல்லால் வைதுவிடுதல், இக்காலக் கூட்டங்களில் நிகழும் வழக்கமான பிழை.

அங்ஙனமாயின் தடையே வேண்டாவோ எனின், வேண்டாவென்பது கருத்தன்று. சீனநாடு 2021இல், பதினெட்டு வயதிற் குறைந்தோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரையே இணையத்தில் ஆடலாம் என்று விதித்தது. அதனினுங் கடிய விதி காண்டல் அரிது. தென்கொரியா 2011இல், பதினாறு வயதிற் குறைந்தோர் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆடலாகாதென்று விதித்து, பத்தாண்டின் பின் அதனைக் கைவிட்டது. இரு நாட்டினும் சிறுவர் கண்ட வழி ஒன்றே: பெரியோர் பெயரும் எண்ணும் இட்டு உட்புகுதல். எனினும் விதி நின்ற அளவிற்கு, பிள்ளையை மறுக்க அஞ்சிய தாய்க்கு 'சட்டம் விடாது' என்று சொல்லும் ஒரு பற்றுக்கோடாவது இருந்தது. அச்சொல் ஒருநாளைக்கு உதவும். மறுநாள் அப்பிள்ளை எவருடைய எண்ணை இட்டான் என்று கேட்க ஒருவர் வேண்டும்.

கேட்டற்கு எளிய வழி, பிள்ளை ஆடும்போது அருகமர்ந்து ஓர் ஆட்டம் முழுதும் பார்த்தலே. பறித்துக்கொள்ளாமலும் வையாமலும் பார்த்தல் வேண்டும். யார் பேசுகின்றார், வீழ்ந்தவன் யார், அவன் எந்த ஊர்ப் பிள்ளை, ஏன் அவனைச் சுட்டாய் என்று பாட்டி படுகளத்திற் சொன்னதுபோலக் கேட்டும் சொல்லியும் இருந்தால், அவனும் ஒருநாள் அவ்வாறு நோக்கத் தொடங்குவான். தொடங்காவிடினும், தன் தந்தை அறிந்துவிட்டார் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு ஆகுங் காலம் அரைமணி. நாள்தோறும் சென்னைக்குப் புகைவண்டியிற் சென்று இரவில் மீளும் திண்டிவனத்துத் தந்தைக்கு அவ்வரைமணி கிடைத்தல் அரிது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்.